ஒழுகாத டேங்கைச் சுற்றி ஊறிய டீசல்

எண்ணெய் கசிந்த இடங்களை ஆராய்ந்து சுத்தம் செய்வது என் வேலை. 2024 தை மாதத்தில் எனக்கு வந்த அழைப்பு டேங்கைப் பற்றியது அல்ல, ஒரு கிணற்றைப் பற்றியது. திருநெல்வேலிக்கு வடக்கே, செம்மண் ஓய்ந்து கரிசல் தொடங்குகிற மானூர் வட்டாரத்தில் சாலையோரம் ஒரு பெட்ரோல் பங்க். அதன் பின்சுவரிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி ஒரு ஆச்சியின் தோட்டம். தோட்டத்துக்கு நடுவில் கல் கட்டிய பழைய கிணறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட பெருமழை ஓய்ந்து பத்து நாள் கழித்து அந்தக் கிணற்றில் வாடை வந்திருக்கிறது. “சீமெண்ணெ வாடை அடிக்கு தம்பி. மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிடுது” என்றார் ஆச்சி.

நான் போவதற்குள் இரண்டு காரியங்கள் நடந்திருந்தன. பங்கில் இருந்த டீசல் டேங்க், பெட்ரோல் டேங்க் இரண்டுக்கும் காற்றழுத்தம் கொடுத்துச் சோதித்துவிட்டார்கள். இரண்டும் தேறிவிட்டன. சோதித்த ஒப்பந்தக்காரர் ‘கசிவு இல்லை’ என்று எழுதிக் கொடுத்த தாளை முதலாளி அண்ணாச்சி லேமினேட் செய்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். அதே வாரம் ஆச்சி திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குப் பேருந்து ஏறிப் போய்க் கலெக்டரிடம் மனுக் கொடுத்துவிட்டார். மனு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்த பிறகுதான் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். “கசிவு இல்லன்னு தாளே இருக்கு. நீங்களும் அதையே எழுதிட்டா சோலி முடிஞ்சுது” என்பது அவர் கணக்கு.

அந்தத் தாளில் தவறு ஏதும் இல்லை. டேங்க் ஒழுகவில்லைதான். டேங்கைச் சுற்றி இருந்த மணலில் ஏறத்தாழ 2,000 லிட்டர் டீசல் ஊறிக் கிடந்ததும் உண்மைதான்.

கிணறு

தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் படலம் மிதந்தது. ஆச்சி வைக்கோலை அள்ளிப் போட்டு எண்ணெயை உறிஞ்ச வைத்திருந்தார். நல்ல யோசனை, வைக்கோல் எண்ணெயை நன்றாகவே பிடிக்கும். ஆனால் எடுத்த வைக்கோலைக் கிணற்று மேட்டிலேயே கொளுத்தியிருக்கிறார்கள். குபீரென்று பற்றி, பக்கத்து வேம்பின் கிளை கருகியிருந்தது. டீசல் லேசில் பற்றாது என்று எல்லோரும் நினைக்கிறோம். நம் நாட்டுத் தரப்படி டீசலின் ஆவி தீப்பிடிக்கும் வெப்பநிலை 35 டிகிரிக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான். நெல்லை வெயிலில் அது ஒரு பெரிய எண் அல்ல.

படலம் எவ்வளவு தடிமன் என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். பங்கில் டேங்க் அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஆழம் அளக்கும் கம்பியான டிப் ராடின் நுனியில் ஒரு பேஸ்ட் தடவுவார்கள். தண்ணீர் பட்டால் நிறம் மாறும், எண்ணெய் பட்டால் மாறாது. அதையே ஒரு நீளக் கம்பியில் தடவிக் கிணற்றில் இறக்கினோம். கம்பி நனைந்த கோட்டுக்கும் நிறம் மாறிய கோட்டுக்கும் இடையே மூன்று மில்லிமீட்டர். “மூணு மில்லிமீட்டர்தானே” என்றார் பங்க் மேலாளர். கிணற்றின் விட்டம் ஐந்து மீட்டர். பெருக்கிப் பார்த்தால் 59 லிட்டர் வருகிறது. அதன்பின் அவர் ஒன்றும் பேசவில்லை.

எனக்கு முதல் கவலை பெட்ரோலைப் பற்றித்தான். பி.எஸ்.6 என்கிற இன்றைய மாசுத் தரப்படி வரும் பெட்ரோலில் கன அளவில் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் அது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. டீசலில் பென்சீன் மிகக் குறைவு. ஆகவே இது எந்த எண்ணெய் என்று தெரியாமல் ஒரு வேலையும் தொடங்க முடியாது. கண்ணாடிக் குப்பிகளில் காற்றுக்கு இடமில்லாமல் தளும்பத் தளும்பப் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்தோம். உதவிக்கு வந்த பையன், “ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்ல போட்டுக் கொண்டுபோயிருதேன் சார்” என்றான். எண்ணெய் மாதிரியை ரயிலில் ஏற்றக் கூடாது என்று சொல்லிக் காரில் அனுப்பினேன்.

சென்னை ஆய்வகம் கொடுத்த விடையில் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று, கிணற்றில் இருப்பது டீசல் மட்டும்தான், பென்சீன் இல்லை. மூச்சு விட்டேன். இன்னொன்று, டீசல் பழையது. எண்ணெயின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் ஜி.சி. வரைபடத்தில் புது டீசல் சீப்புப் பல்லைப் போல வரிசையாக நிற்கும். மண்ணில் கிடக்கும் நுண்ணுயிர்கள் நேரான சங்கிலி மூலக்கூறுகளை முதலில் தின்றுவிடும். கிளை விட்ட பிரிஸ்டேன், ஃபைட்டேன் போன்றவை அவற்றுக்கு அவ்வளவு ருசிப்பதில்லை. புது டீசலில் பிரிஸ்டேனுக்குப் பக்கத்தில் உயர்ந்து நிற்க வேண்டிய பல் எங்கள் மாதிரியில் அதைவிடக் குட்டையாகிவிட்டிருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு ஒழுகிய டீசல் இப்படி இருக்காது. எங்கோ நெடுநாள் கிடந்துவிட்டு இப்போது வந்திருக்கிறது.

பதிவேடு

இந்த இடத்தில் வழக்கமாக நடப்பது, உடனே ஜே.சி.பி.யை வரவழைத்து டேங்கைச் சுற்றித் தோண்டுவது. அண்ணாச்சி அதற்கும் தயாராக இருந்தார். தோண்டினால் ஏதோ செய்ததுபோல் இருக்கும், அலுவலகத்துக்கும் படம் எடுத்து அனுப்பலாம். நான் இருப்புப் பதிவேட்டைக் கேட்டேன். மூன்று நாள் பங்கின் பின்னறையில் உட்கார்ந்து, அது ஒன்றைத்தான் தோண்டினேன்.

பங்கில் இருப்புக் கணக்கு எளிது. காலையில் டேங்கில் இருந்த அளவு, அதோடு லாரியில் வந்தது, அதில் மீட்டர் காட்டிய விற்பனையைக் கழித்தால் மாலையில் டேங்கில் இருக்க வேண்டிய அளவு. டிப் ராடு அதைவிடக் குறைத்துக் காட்டினால் அந்தக் குறைவை ‘வேரியேஷன்’ என்று ஒரு கட்டத்தில் எழுதுவார்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்து, விற்பனையில் இத்தனை சதவீதத்துக்குள் இருந்தால் சரி என்று விட்டுவிடுவார்கள். இந்தப் பங்கின் கூட்டுத்தொகை எப்போதும் எல்லைக்குள்தான் இருந்தது. எல்லைக்குள் இருந்ததால்தான் யாரும் பார்க்கவில்லை.

நான் மாதக் கூட்டலை விட்டுவிட்டு நாள்களை மூன்று குவியலாகப் பிரித்தேன். பங்க் அடைத்திருந்த இரவுகளில் ராடு அளவு அசையவே இல்லை. அப்படியானால் டேங்கில் ஓட்டை இல்லை, தாள் சொன்னது சரி. லோடு வராத விற்பனை நாள்களில் குறைவு அற்பம், மீட்டரின் ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கியது. அப்படியானால் டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் குழாயும் நல்ல குழாய்தான். லோடு வந்த நாள்களில் மட்டும் ஒவ்வொரு முறையும் குறைவு.

அண்ணாச்சி இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். “லாரி வெயில்ல வருது. டீசல் சூட்டுல விரிஞ்சிருக்கும், டேங்குக்குள்ள போனதும் குளுந்து சுருங்கும்.” உண்மைதான். டீசல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் சுமார் 0.83 பங்கு விரியும். 12,000 லிட்டர் லோடு ஆறு டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ 60 லிட்டர் காணாமல் போகும். இவ்வளவு பெரிய ஏமாற்றுக்குள் உண்மையில் ஒழுகிய சில லிட்டர் ஒளிந்துகொள்வது சுலபம்.

ஆகவே சூடு ஏமாற்ற முடியாத நாள்களைத் தேடினேன். மார்கழியிலும் தையிலும் தூத்துக்குடிப் பக்கமிருந்து விடியற்காலையில் வந்திறங்கிய லோடுகள். அந்த நேரத்தில் லாரியில் இருக்கும் டீசல், மண்ணுக்கடியில் ஆண்டு முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும் டேங்கைவிடக் குளிர்ந்தது. உள்ளே போய்ச் சூடேறிக் கொஞ்சம் விரிய வேண்டும், கணக்கில் லாபம் காட்ட வேண்டும். காட்டியது நஷ்டம். லாரி இறங்கும்போது எழுதி வைக்கும் வெப்பநிலையையும் அடர்த்தியையும் வைத்து எல்லா லோடுகளையும் 15 டிகிரி என்ற ஒரே வெப்பநிலைக்கு மாற்றிப் பார்த்தேன். சராசரியாக லோடுக்கு எட்டு லிட்டர் கணக்கில் வராமல் நின்றது.

பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினால் 2021 ஆவணிக்கு முன்னால் அந்த எட்டு லிட்டர் இல்லை. அந்த ஆவணியில் என்ன நடந்தது என்று கேட்டேன். மேலாளர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்பதான் முன்வாசல் காங்கிரீட்டு புதுசாப் போட்டோம். லோடு எறக்குத வாயை ரோட்டுப் பக்கம் தள்ளி வச்சாங்க” என்றார்.

விஷயம் அதுதான். முன்பு லாரி டேங்கின் தலைக்கு நேராக நின்று இறக்கும். மாற்றிய பிறகு சாலையோரப் பெட்டியில் குழாயை மாட்டி, ஐந்து மீட்டர் நீளத்துக்குப் பூமிக்கடியில் ஓடும் நாலு அங்குலக் குழாய் வழியாக டேங்குக்குள் விட்டார்கள். அந்தக் குழாயில் லோடு இறங்கும் அரைமணி நேரம் மட்டும்தான் டீசல் இருக்கும், மற்ற நேரம் காலி. டேங்கை எத்தனை முறை சோதித்தாலும் அந்தக் குழாய் சோதனையில் சிக்காது. டேங்குக்குள் மிதக்கும் தானியங்கி அளவியும் இரவில் நிம்மதியாகத் தூங்கும்.

குழாயின் டேங்க் பக்க முனையை ரப்பர் பந்தால் அடைத்துப் பெட்டி வரை தண்ணீர் நிரப்பினோம். கால் மணி நேரத்தில் தண்ணீர் 40 சென்டிமீட்டர் இறங்கியது. நாலு அங்குலக் குழாயில் அது மூன்று லிட்டருக்குச் சற்று மேல். லோடு இறங்கும் அரைமணி நேரத்துக்குப் பெருக்கினால் ஆறரை லிட்டர் வருகிறது, எட்டுக்குப் பக்கம்தான். பதிவேடும் குழாயும் ஏறத்தாழ ஒரே பதிலைச் சொன்னபோது, உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. அந்தக் கர்வம் மறுநாளே இறங்கியது.

தண்ணீர் கொடுத்த ஆச்சி

ஒழுகும் இடம் பங்கின் முன்வாசலில், சாலையோரம் இருக்கிறது. கிணறோ பின்பக்கம். நடுவில் கரிசல். நனைந்த கரிசலுக்குள் எண்ணெய் ஒரு மீட்டர் நகரவே ஆண்டுக்கணக்கில் ஆகும். பிறகு எப்படி நாற்பது, ஐம்பது மீட்டர் போய்க் கிணற்றில் மிதக்கிறது?

முதல் பாதிக்குப் பதில் சுலபம். குழாயையும் டேங்கையும் கரிசலில் அப்படியே புதைப்பதில்லை. பள்ளம் வெட்டி மணல் போட்டுப் புதைப்பார்கள். குழாய்ப் பள்ளத்து மணல் சரிவாக டேங்க் குழிக்குள் இறங்குகிறது. ஒழுகிய டீசல் மணலோடு வழிந்து டேங்க் குழியில் சேர்ந்திருக்கிறது. கரிசலுக்கு நடுவே மணல் நிரப்பிய குழி என்பது கிட்டத்தட்ட ஒரு தொட்டி. உள்ளே போனது வெளியே வராது. மழைத் தண்ணீர் அடியில் நிற்க, டீசல் அதன் மேல் மிதக்கும்.

டேங்கைச் சுற்றிக் கையால் திருகித் துளையிடும் ஆகரால் எட்டுத் துளை போட்டோம். மோட்டார் ஆகர் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், பக்கத்தில் பெட்ரோல் டேங்க் இருக்கிறது. ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒரு பிடி மண்ணை ஜிப் உறையில் போட்டு வெயிலில் பத்து நிமிடம் வைத்து, உறைக்குள் சேர்ந்த ஆவியைக் கருவியால் அளந்தோம். பின்பக்கம் தென்கிழக்கு மூலையில் மட்டும், குழிக்கு வெளியே இருந்தும் கருவி கத்தியது. அங்கே மட்டும் ஏன் என்று எனக்குப் புரியவில்லை. பங்கின் வரைபடத்தில் அந்த மூலையில் ஒன்றுமே இல்லை.

ஆச்சி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “எதைத் தேடுதிய?” என்றார். சொன்னேன். “அந்த வழியாத்தான தம்பி எங்க கெணத்துத் தண்ணி போச்சு” என்றார்.

பங்க் கட்டிய காலத்தில் போர்வெல் போடவில்லை. கட்டுமானத்துக்குத் தண்ணீர் ஆச்சியின் கிணற்றிலிருந்துதான். கிணற்றின் தொட்டிக்கல் அருகிலிருந்து பங்கின் அந்த மூலை வரை பள்ளம் தோண்டி, மணலில் குழாய் பதித்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் குழாயைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மணல் மட்டும் பள்ளத்தில் தங்கிவிட்டது. டேங்க் குழியின் மேல் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் கீழே அந்தப் பள்ளம் தொடங்கியது. டிசம்பர் மழையில் குழிக்குள் தண்ணீர் அந்த மட்டத்தைத் தாண்டி ஏறியிருக்கிறது. மேலே மிதந்த இரண்டரை ஆண்டு டீசலில் ஒரு பங்கு, கால்வாய் மடை திறந்ததுபோல அந்த மணல் வழியே கிணற்றுக்குப் போய்விட்டது. ஆய்வகம் சொன்ன பழைய டீசல் இதுதான்.

ஆச்சிக்கு இது விளங்கியபோது அவர் சொன்னதை முழுக்க எழுத முடியாது. சாரம் இதுதான்: தண்ணி கொடுத்த கையிலேயே எண்ணெய ஊத்திட்டியளே.

எனக்குத் தனியாக ஒரு குறை. நான் வந்த முதல் நாளே அவரிடம் கிணற்று வாடையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். அந்த இடம் பங்க் ஆவதற்கு முன்னால் என்னவாக இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எட்டுத் துளையில் ஐந்து மிச்சம்.

குழி

வேலையை மாசிக் கடைசியில் தொடங்கினோம். பங்கின் உரிமத்துக்கு உட்பட்ட இடத்தில் எதை மாற்றினாலும் 2002 பெட்ரோலிய விதிகளின்படி பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரியாமல் செய்யக் கூடாது. நிலம் அண்ணாச்சியுடையது, டேங்க் எண்ணெய் நிறுவனத்துடையது. செலவு யாருடையது என்பதில் மூன்று வாரம் போனது. அந்தக் கதையை விட்டுவிடுகிறேன், அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

முதலில் குழித் தண்ணீர். டேங்கைக் காலி செய்வதற்கு முன்னால் இதைச் செய்தே ஆக வேண்டும். 20,000 லிட்டர் டேங்க் காலியாக இருந்தால் எடை இரண்டு, இரண்டரை டன். அதே டேங்க் தண்ணீரில் முழுதும் மூழ்கியிருந்தால் அதை மேலே தள்ளும் விசை 20 டன். மேலே கிடக்கும் மண்ணும் காங்கிரீட்டும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. மண்ணை அள்ளிவிட்டுத் தண்ணீரை விட்டுவைத்தால் டேங்க் படகு மாதிரி எழும்பும், குழாய்களைப் பிய்த்துக்கொண்டு வரும். குழியின் மூலையில் துளையிட்ட குழாயை இறக்கி, மேல் மிதந்த டீசலைத் தனியாகவும் அடித் தண்ணீரைத் தனியாகவும் பிரிக்கும் மூன்று அறைத் தொட்டி வழியாகப் பதினைந்து நாள் இறைத்தோம். கிடைத்த டீசல் 300 லிட்டருக்குக் கொஞ்சம் கீழே. 2,000 லிட்டர் ஒழுகியதாகச் சொல்லிவிட்டு 300தான் எடுத்தீர்களா என்று எல்லோரும் கேட்டார்கள். மணல் தன் இடுக்குகளில் பிடித்துக்கொண்டதை எந்தப் பம்பாலும் கறக்க முடியாது. தோண்டி எடுக்க வேண்டியதே அதற்காகத்தான்.

கணக்கு ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துக்கொண்டோம். ஆவணி 2021 முதல் ஏறத்தாழ 250 லோடு, எட்டு லிட்டர் வீதம் 2,000 லிட்டர். மறுபக்கம், டீசல் ஊறிய மணல் சுமார் 60 கன மீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இடுக்கு. இடுக்கில் பத்தில் ஒரு பங்கு எண்ணெய் தங்கும் என்று வைத்தால் 2,100 லிட்டர். இரண்டு வழியில் போட்ட கணக்கு இவ்வளவு நெருங்கி வருவது அபூர்வம், பாதி அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இன்னொரு கசிவு ஒளிந்திருக்கிறதோ என்ற பயம் அதோடு தீர்ந்தது.

பங்குனி முதல் வாரம் பங்கை அடைத்தார்கள். பெட்ரோல் டேங்கையும் காலி செய்து தண்ணீர் நிரப்பினோம். டீசல் டேங்கின் ஆவியை வெளியேற்றி, எரிவாயு அளவி பூஜ்யம் காட்டிய பிறகே ஜே.சி.பி. உள்ளே வந்தது. செல்போன்கள் எல்லாம் வாசலில் ஒரு டப்பாவுக்குள். மேல் ஒரு மீட்டர் மண்ணில் வாடையே இல்லை. அதைத் தனியாக ஒதுக்கினோம். இதைச் செய்யாமல் எல்லாவற்றையும் ஒரே குவியலாக அள்ளினால் நல்ல மண்ணும் கெட்ட மண்ணாகிவிடும், டன் கணக்கில் காசு கொடுத்து அனுப்ப வேண்டிவரும். அதற்குக் கீழே மணல் சாம்பல் நிறத்தில், நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்த மாவைப் போல வந்தது. கெட்டி பிளாஸ்டிக் விரிப்பில் கொட்டி, சுற்றிலும் வரப்புக் கட்டி, சாயங்காலம் ஆனதும் தார்ப்பாய் மூடினோம். பங்குனி மழையை நம்பக் கூடாது.

ஹைட்ரா கிரேன் கொண்டு டேங்கைத் தூக்கியபோது அடிப்பக்கம் முழுவதையும் தடவிப் பார்த்தேன். பூச்சு இரண்டு இடத்தில் உரிந்திருந்தது, தகடு உறுதியாக இருந்தது. குற்றவாளி பெட்டிக்கு அடியில் இருந்தான். காங்கிரீட்டுக்கு ஒரு முழம்கூடக் கீழே இல்லாமல் பதித்த குழாயின் மேல் லோடு லாரியின் பின் சக்கரம் ஏறி ஏறி, மரை வைத்த முழங்கை இணைப்பு மயிரிழை அளவு பிளந்திருந்தது.

எங்கே நிறுத்துவது என்பதுதான் தோண்டும் வேலையில் கடினமான முடிவு. மணல் முடிந்து கரிசல் சுவர் வந்ததும் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தது, கருவிக்கு அல்ல. ஒரு சாண் செதுக்கியதும் உறைக்குள் கருவி காட்டிய எண் மளமளவென்று விழுந்தது. மூன்று சுவரில் அதோடு விட்டோம். வடக்குச் சுவரில் ஒரு வெடிப்பு. சித்திரை வெயிலில் கரிசல் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் மூடிக்கொள்ளும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். மூடிய வெடிப்பின் இரு பக்கமும் எண்ணெய் மினுமினுத்தது. அது கீழே சுக்கான் கல் படுகை வரை இறங்கியிருந்தது. ஜே.சி.பி. வாளியால் அதைப் பின்தொடர முடியாது. நாலு பேர் மண்வெட்டியும் கடப்பாரையுமாக இரண்டு நாள் அந்த ஒரு கோட்டையே பிடித்துக்கொண்டு போனார்கள். சுக்கானுக்கு மேல் அது முடிந்தது. அடியில் ஐந்து, சுவர்களில் எட்டு என மாதிரி எடுத்து அனுப்பி, விடை வரும்வரை குழியைத் திறந்தே வைத்திருந்தோம். அந்தப் பத்து நாளும் அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. மூடிவிட்டுப் பிறகு விடை வந்தால் என்ன செய்வது என்று மட்டும் திருப்பிக் கேட்டேன்.

மண் போன வழி

அள்ளிய மணலில் எண்ணெய் கிலோவுக்கு 8,000 முதல் 22,000 மில்லிகிராம் வரை இருந்தது. நெதர்லாந்தில் மண்ணில் கனிம எண்ணெய் 5,000 மில்லிகிராமைத் தாண்டினால் தலையிட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். உலகம் முழுக்க ஆய்வாளர்கள் ஒப்பிட எடுத்துக்கொள்ளும் எண் அது.

மணலுக்கு ஊருக்குள் கிராக்கி இருந்தது என்றால் நம்புவீர்களா? ஒருவர் செங்கல் சூளைக்குக் கேட்டார், எண்ணெய் இருந்தால் விறகு மிச்சமாம். இன்னொருவர் குளத்தங்கரைப் பள்ளத்தை மூடக் கேட்டார். அண்ணாச்சிக்கும் ஆசைதான். கரையில் போட்டால் அடுத்த ஐப்பசியில் குளத்திலும் அதற்கடுத்து மடையிலும் பிசான நெல் வயலிலும் அதே வாடைதான். தாழையூத்தில் சிமெண்ட் ஆலை இருக்கிறதே, அங்கே எரிக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. சிமெண்ட் சூளையில் கழிவை எரிக்க விதிகளில் இடம் உண்டு, ஆனால் அதற்கென்று தனியாக அனுமதி பெற்ற சூளையில் மட்டும்தான். எங்கள் அளவுக்கு அந்த அலைச்சல் கட்டுப்படியாகாது.

சுமார் 100 டன் மணல் 2016 அபாயக் கழிவு விதிகளின்படி விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் கழிவு மையத்துக்குப் போனது. ஒவ்வொரு லாரிக்கும் சரக்குச் சீட்டை ஏழு நிறத்தில் ஏழு படி எழுத வேண்டும். லாரி ஓட்டுநர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அந்த ஏழு தாளின் மேல் மரியாதை உண்டு. கிளம்பிய எடையும் சேர்ந்த எடையும் ஒன்றா என்று பார்க்க வேறு வழி இல்லை.

சுவரில் செதுக்கிய கரிசலிலும் பழைய தண்ணீர்ப் பள்ளத்து மண்ணிலும் எண்ணெய் 3,000 அளவில்தான் இருந்தது. அதை வாரிய அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு பங்கின் பின்புறமே விரிப்பில் முழங்கால் உயர மேடாகப் போட்டோம். டீசலைத் தின்னும் நுண்ணுயிர் மண்ணிலேயே இருக்கிறது. அதற்குத் தேவை காற்று, ஈரம், கொஞ்சம் தழைச்சத்தும் மணிச்சத்தும். கரிசல் கட்டி பிடித்துவிடும் என்பதால் தென்னை நார்க்கழிவைக் கலந்து, யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் தூவி, பத்து நாளுக்கு ஒருமுறை திருப்பிப் போட்டோம். நெல்லை வெயில் இந்த வேலைக்குத் தோதானது, காய்ந்துவிடாமல் தண்ணீர் தெளிப்பதுதான் பாடு. ஆவணியில் 600க்கு வந்தது.

கிணற்றைப் பலமுறை இறைத்தோம். எண்ணெய் உறிஞ்சும் துணியால் மேலே துடைத்தோம், கல் இடுக்குகளை அலசினோம். பள்ளத்து மணலை முழுதும் எடுத்து, இரண்டு இடத்தில் களிமண் அணை வைத்து அடைத்தோம். 2024 கார்த்திகை மழையில் கிணறு நிரம்பியபோது எடுத்த மாதிரியில் எண்ணெய் அளவிட முடியாத அளவுக்குக் கீழே போயிருந்தது. அதுவரை ஆச்சி வீட்டுக்கும் மாட்டுக்கும் தண்ணீர் அண்ணாச்சி செலவில் டிராக்டரில் வந்தது. ஒரு நாள் தவறினாலும் ஆச்சி என்னைத்தான் போனில் பிடிப்பார்.

முழுதும் முடிந்துவிட்டது என்று எழுதி முடிக்க ஆசை. ஆனால் இறக்கும் பெட்டிக்கு அடியில் இருந்த கெட்ட மண்ணில் ஒரு பகுதி நெடுஞ்சாலையின் ஓரத்துக்குள் போகிறது. சாலையின் தோள்பட்டையை வெட்டினால் தார் சரியும் என்றார்கள், நியாயம்தான். இரண்டு மூன்று கன மீட்டர் அங்கே இன்னமும் இருக்கிறது. மேலே காங்கிரீட் மூடியிருக்கிறது, ஒழுகும் குழாய் போய்விட்டது. லாரி இப்போது மறுபடியும் டேங்கின் தலைக்கு நேராக நின்று இறக்குகிறது. அந்த மண்ணுக்கும் கிணற்றுக்கும் நடுவே, பங்கின் பின்சுவர் ஓரம் ஒரு கண்காணிப்புக் குழாய் இறக்கியிருக்கிறோம். மழைக்கு முன்னும் பின்னும் ஆண்டுக்கு இருமுறை மாதிரி எடுக்க வேண்டும். குழாய் மூடிக்கு ஒரு பூட்டு. ஒரு சாவி பங்கில் இருக்கிறது. இன்னொன்றைத் தன்னிடம்தான் தர வேண்டும் என்று ஆச்சி பிடிவாதமாக நின்று வாங்கிக்கொண்டார். வாரத்துக்கு ஒருமுறை திறந்து மோந்து பார்க்கிறாராம்.